மூன்றாம் பக்கத்தில் ஒரு லிப்ட்

செட்டம்மா உள்ளே நுழைந்ததும் ரேடியோ டீ வாங்கிவரக் கிளம்பிவிட்டான். யாரும் டீ கேட்கவில்லை.

"உட்காரு," என்றார் சல்லடை. "இப்பத்தானே ஃபிளாஸ்க் நிறைய வாங்கிட்டு வந்தே?"

ரேடியோ உட்கார்ந்தான், வந்தவருக்குப் பாதி முதுகைக் காட்டியபடி.

சல்லடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைச் சலித்துச் சலித்து எடுத்ததில் அந்த அம்மாளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் அது விடவில்லை. ரேடியோ அவருடைய ஒரே உதவியாளன். முப்பத்தெட்டு வயது, மொட்டைத் தலை, மூடத் தெரியாத வாய். வக்கீல் ஆபீஸில் நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன் என்று சொல்லித்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தான். அதில் நாலு வருஷம் என்பது மட்டும்தான் உண்மை.

செட்டம்மா பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்து, பல் போனவர்களுக்கெல்லாம் பல் கொடுக்கிறவர். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் பிளாஸ்டர் வெள்ளை போகாது. அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே ரேடியோவை உற்றுப் பார்த்தார்.

"உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. என் மூஞ்சி பொதுச் சொத்து," என்று ரேடியோ சொன்னான். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த மூஞ்சியில் அடர்ந்த தாடி இருந்தது. தலையில் பிடரி வரைக்கும் முடியும் இருந்தது.

"விஷயத்தைச் சொல்லுங்க," என்றார் சல்லடை.

"ஆறு வருஷமா அந்த வீட்டுக் கீழ்ப்போர்ஷன்லதான் என் பட்டறை, மேடம். மாடியில வீட்டுக்கார அம்மா. ரிடையர்டு நர்ஸ். கூடப் பிறக்கலை, அவ்வளவுதான், அப்படிப் பழகினோம். இப்ப அவங்க மக வெளியூர்லேருந்து திரும்பி வர்றா. கீழ் வீடு வேணும்னாங்க. சரின்னேன். ஃபர்னஸைக் கழட்ட ஆளைக் கூட்டிட்டு வந்தேன். பல்லைச் சுடற ஃபர்னஸ், என் பிழைப்பே அதுதான். தொடாதேன்னுட்டாங்க. தரையில போல்ட்டு போட்டுப் பதிச்சதெல்லாம் வீட்டோட சேர்ந்ததுன்னு அக்ரிமென்ட்ல இருக்காம்."

"இருக்கா?"

"அவங்க காப்பியில இருக்கு. என் காப்பியில, போல்ட்டு போட்டதையும் நானே எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கு. ரெண்டுலயும் கடைசிப் பக்கத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு!"

"அவங்களுக்கு ஃபர்னஸ் எதுக்கு? கேக் சுடவா?" ரேடியோவால் வாயைக் கட்ட முடியவில்லை.

"ஃபர்னஸ் வேண்டாம் சார் அவங்களுக்கு. பேர்த்தெடுத்தா மகளுக்கு ஓட்டைத் தரைதான் மிஞ்சும்னு பயம். இப்ப அதுகூட இல்லை. நான் மூணாம் பக்கத்தை மாத்தி வச்சு ஏமாத்திட்டேன்னு கோபம். ஃபோர்ஜரின்னு போலீசுக்கு எழுதி வச்சிருக்காங்க. ஒத்துக்க எனக்கு இன்னிக்கு நாலு மணி வரைக்கும் கெடு." செட்டம்மாவின் குரல் உடைந்தது. "போலீஸ் கேஸுன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா எந்த டாக்டர் எனக்கு அச்சு அனுப்புவார், மேடம்?"

"யாருங்க டைப் பண்ணிக் கொடுத்தது?" என்று கேட்டார் சல்லடை.

"ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடை. நான் அப்ப ஊருக்குப் புதுசு. அவங்கதான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனாங்க. எந்தக் கடைன்னு அவங்களுக்கும் ஞாபகம் இல்லையாம். உள்ளே ஒரு வக்கீல் இருந்தார். தாடிக்காரர். நாற்காலியில கறுப்புக் கோட்டு தொங்கும். அந்த போல்ட்டு விஷயத்தை அவர்கிட்டதான் சொன்னேன். வீட்டுக்கார அம்மாகிட்ட பேசிட்டேன், ஒத்துக்கிட்டாங்கன்னு அவர்தான் மாத்திக் கொடுத்தார். இப்ப அவங்க, யாருமே எங்கிட்ட பேசலைன்னு சாதிக்கிறாங்க."

ரேடியோ ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அந்த வக்கீல் வக்கீல் இல்லை. அவனேதான். கோட்டு, துணி வெளுக்கிற கடையில் யாரோ வாங்காமல் விட்டது. நான் வக்கீல் என்று அவன் யாரிடமும் ஒரு நாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. வக்கீலிடம் போனால் வீண் அலைச்சல், இங்கேயே முடித்துக் கொடுக்கிறேன் என்று மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான்.

சல்லடை மேஜைமேல் இரண்டு அக்ரிமென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 'யார்கிட்ட வேணா காட்டுங்க, எனக்கென்ன பயம்' என்று வீட்டுக்கார அம்மா தன்னுடையதையும் நேற்றே கொடுத்தனுப்பியிருந்தார். சல்லடை மூன்றாம் பக்கத்தை ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு சிரித்தார்.

"உங்க வீட்டுல லிப்ட்டு இருக்குங்களா?"

"ஒரே மாடிதான் மேடம். மொத்தமே பதினாலு படி."

"அப்புறம் ஏன் ரெண்டு காப்பியிலும், 'லிப்ட்டில் தளவாடங்களை ஏற்றக் கூடாது'ன்னு இருக்கு?"

செட்டம்மா திருதிருவென்று விழித்தார். ஆறு வருஷமாக அவர் அதைப் படித்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வருங்காலத்துல வர்ற லிப்ட்டா இருக்கும் மேடம்," என்றான் ரேடியோ. "தொலைநோக்கோட எழுதியிருக்காங்க."

"திருட்டுத்தனமா ஒரு பக்கத்தை டைப் பண்றவ, இல்லாத லிப்ட்டை ஏன் சிரத்தையா அதுல சேர்க்கணும்? ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல பிறந்தது. வேற ஏதோ கட்டடத்து அக்ரிமென்ட்டை வச்சுப் பேரை மாத்தி அடிச்சிருக்கான், லிப்ட்டை எடுக்க மறந்துட்டான். இங்கே பாரு, பின் அடிச்ச ஓட்டை. ரெண்டு காப்பியிலும் ரெண்டே ரெண்டு. யாரும் பிரிக்கவே இல்லை."

"அப்ப கேஸ் முடிஞ்சுது! டீ சாப்பிடலாமா மேடம்?"

"எனக்கு முடிஞ்சுது. வீட்டுக்கார அம்மாகிட்ட ஓட்டையைக் காட்டினா, 'அதே ஓட்டையில பார்த்து அடிச்சிருப்பா'ம்பாங்க. கோபத்துல இருக்கறவங்களுக்கு ஓட்டை போதாது. ஆள் வேணும். அடிச்ச ஆள்."

சல்லடை போனை எடுத்தார். லிப்ட் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இன்ஷூரன்ஸ் காலத்துப் பழக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வட்டாரத்தில் லிப்ட் வைத்த வாடகைக் கட்டடம் எத்தனை என்று கேட்டார். ஒன்றே ஒன்று என்று பதில் வந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள காம்ப்ளக்ஸ்.

செட்டம்மாவைப் பட்டறையில் காத்திருக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, ரேடியோவிடம், "எழுந்திரு," என்றார்.

ரேடியோவின் கால்கள் எழுந்தன. மற்றதெல்லாம் நாற்காலியிலேயே இருந்தது.

வழி நெடுக அவன் வாய் ஓயவில்லை. அந்த காம்ப்ளக்ஸை இடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றான். வெயில் அதிகம், நாளைக்குப் பார்க்கலாம் என்றான். நாலு மணிக் கெடுவை நினைவுபடுத்தியதும், பயமுறுத்தச் சொல்லியிருப்பார்கள், நர்ஸ் அம்மா நல்ல மனசுக்காரராகத்தான் இருப்பார் என்றான். சல்லடை எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டே நடந்தார்.

காம்ப்ளக்ஸ் இடிபடவில்லை. லிப்ட்தான் கெட்டுக் கிடந்தது. வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழாமலேயே பதில் சொன்னார். "இங்க எல்லாக் கடை அக்ரிமென்ட்டும் பின்பக்கத்து ஜெராக்ஸ் கடையிலதாம்மா அடிப்பாங்க. அங்க ஒரு வக்கீல் இருந்தாரு."

பின்பக்கம் இருட்டான சந்து. கடையின் ஷட்டர் பாதிதான் ஏறும். நேராக நடந்த சல்லடையின் நெற்றி அதில் நங்கென்று மோதியது. "பார்த்து மேடம்!" என்று பதறினான் ரேடியோ, உள்ளேயிருந்து.

கடையில் இப்போது பாதி இடம் போன் கவருக்குப் போய்விட்டது. மூலையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. பழைய முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். மொட்டைத் தலையைப் பார்த்தார். தாடி இல்லாத தாடையைப் பார்த்தார். அவர் கண் ஒரு நொடி விரிந்தது. ரேடியோ சல்லடையின் முதுகுக்குப் பின்னால் நின்று கும்பிடாத குறையாக முகத்தை வைத்துக்கொண்டான்.

சல்லடை அக்ரிமென்ட்டை நீட்டினார். "இது உங்க கடையில அடிச்சதா?"

"எழுத்தைப் பார்த்தா எங்களுதுதான்."

"அடிச்ச வக்கீலை நான் பார்க்கணும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"வக்கீல் எல்லாம் இல்லைங்க. டைப்பிஸ்ட். போய்ச் சேர்ந்துட்டான். மூணு வருஷம் ஆச்சு. மஞ்சள் காமாலை."

தான் செத்த சேதியைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ரேடியோ அதுவரை யோசித்ததில்லை. முதலில் ஜில்லென்று இருந்தது. தப்பித்தோம்! அடுத்த நொடியே நாக்கு தன் வேலையைக் காட்டியது.

"பாவம். நல்ல மனுஷனா?"

"சுமாரான ஆளு," என்றார் முதலாளி, அவன் கண்ணை நேராகப் பார்த்து. "எல்லாருக்கும் நல்லவனா இருக்கணும்னு நினைப்பான். அதுதான் அவன் வியாதி."

வெளியே வந்ததும் சல்லடை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால்.

"சரி, விடு. செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான். இந்தக் கேஸ் இவ்வளவுதான்."

"அப்ப செட்டம்மா?"

"போலீஸ் கூப்பிடுவாங்க. விசாரிப்பாங்க. கடைசியில ஒண்ணும் நிரூபிக்க முடியாமக்கூடப் போகும். அதுக்குள்ள டாக்டருங்க வேற ஆளைப் பார்த்துக்குவாங்க. நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடலாம். வா."

பஸ்ஸில் ரேடியோ ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஆறு வருஷமாக நினைக்காமலே ஓட்டிவந்த அந்த மத்தியானம் இப்போது பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒன்றரை மணி. பசி. முதல் நாளே நர்ஸ் அம்மா தனியாக வந்து, தரையில் பதிப்பதெல்லாம் வீட்டுக்கே என்று எழுதச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். நர்ஸ் அம்மா மருந்து வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போன நேரத்தில், செட்டம்மா மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஃபர்னஸ் இல்லாவிட்டால் நான் இல்லை சார், அவங்ககிட்ட கேட்க எனக்குக் கூச்சமா இருக்கு, நீங்களே சொல்லுங்களேன். பார்த்துக்கிறேன் என்றான். சொன்னால் பேச்சு வளரும். இரண்டு பேரும் யோசித்து வருகிறோம் என்று எழுந்து போவார்கள். முதலாளி கத்துவார். சாப்பாடு ஆறிப்போகும். அதனால் செட்டம்மா காப்பிக்கு மட்டும் மூன்றாம் பக்கத்தை வேறு மாதிரி அடித்து வைத்தான். ஒத்துக்கிட்டாங்க என்று அவரிடம் கூசாமல் சொன்னான். நர்ஸ் அம்மா திரும்பி வந்தார். இருவரும் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார்கள். எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தால் நம்பாத மாதிரி இருக்குமே என்று ஆளுக்கு ஆள் மரியாதை! படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டியவன் அவன்தான். அவன் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

மறதி என்று இத்தனை நாள் மனசுக்குள் பெயர் வைத்திருந்தான். லிப்ட்தான் மறதி. போல்ட்டு மறதி இல்லை.

பட்டறைக் கதவு திறந்தே இருந்தது. நீள மேஜையில் வெள்ளை அச்சுகள் வாயைப் பிளந்து வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் நோயாளியின் எண் எழுதிய சீட்டு. சிவப்பு மெழுகில் பாதி பல் பதித்த ஒரு செட் அப்படியே நின்றிருந்தது. சுவரோரம் ஃபர்னஸ், காலுக்கு ஒன்றாக நாலு போல்ட்டில். செட்டம்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா, வெளியே கிளம்பத் தயாராக, கையில் ஒட்டிய கவருடன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரிய பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, ஆள் கிடைச்சானா?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"டைப்பிஸ்ட் செத்துப் போயிட்டாராம்," என்றார் சல்லடை.

செட்டம்மா ஃபர்னஸை விட்டுக் கையை எடுத்தார். "அவ்வளவுதான்," என்றார் மெதுவாக. அழக்கூட இல்லை. மேஜையிலிருந்த அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். டாக்டர்களுக்குத் திருப்பி அனுப்பத்தான். எண் கலைந்துவிடாமல் ஒவ்வொன்றையும் தாளில் சுற்றினார்.

வீட்டுக்கார அம்மா கடைசிப் படியில் இறங்கினார். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவர் வேகம் ஒரு நொடி குறைந்தது. ஆனாலும் வாசலைத் தாண்டப் போனார்.

"அம்மா, நில்லுங்க," என்றான் ரேடியோ. குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான். "செத்தவன் நான்தான்."

"தமாஷுக்கு இது நேரமா?"

"தமாஷ் இல்லைம்மா. தாடியோட, கறுப்புக் கோட்டோட நினைச்சுப் பாருங்க. நீங்க முதல் நாள் தனியா வந்து, தரையில பதிச்சதெல்லாம் எனக்குன்னு எழுதச் சொன்னீங்க. மறுநாள் மருந்து வாங்கப் போனீங்க. அந்த நேரத்துல இவங்க வேற மாதிரி கேட்டாங்க. உங்ககிட்ட பேசிட்டேன்னு இவங்ககிட்ட பொய் சொன்னேன். ரெண்டு பேருக்கும் அவங்கவங்க கேட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் அடிச்சுக் கொடுத்தேன். இவங்களும் மாத்தலை, நீங்களும் மாத்தலை. தெரிஞ்சேதான் பண்ணினேன். பசிச்சுதுன்னு பண்ணினேன்."

வீட்டுக்கார அம்மா கவரைப் பார்த்தார். பிறகு செட்டம்மாவைப் பார்த்தார். மூன்று வாரத்தில் முதல் முறையாக.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பத்து நாள் இவதான் கஞ்சி வச்சுக் கொடுத்தா," என்றார். "இவளைத் திருடின்னு என் கையால எழுதி, பசை தடவி ஒட்டி வச்சிருக்கேன்."

"நான் மட்டும் என்ன? நீங்க பக்கத்தை மாத்திட்டீங்கன்னு எதிர் வீடு வரைக்கும் சொல்லிட்டேன்," என்றார் செட்டம்மா. இப்போதுதான் அழுதார்.

கவர் நாலாகக் கிழிந்தது.

ரேடியோ சல்லடையின் பக்கம் திரும்பினான். அவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"அந்த ஷட்டர்ல என் நெத்தி வீங்கிடுச்சு. நீ பேசிக்கிட்டே, பார்க்காமலே குனிஞ்சு உள்ளே போயிட்டே. அப்புறம், வாட்ச்மேன் பின்பக்கம்னுதான் சொன்னார். எந்தச் சந்துன்னு நீ கேட்கவே இல்லை." நெற்றியைத் தடவிக்கொண்டார். "நீயா சொல்லுவியான்னு தெரியலை. நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப நானே சொல்லியிருப்பேன்."

"என் வேலை?"

"அதை அப்புறம் பேசலாம்." சல்லடை பெண்கள் பக்கம் திரும்பினார். "ஃபர்னஸ் யாருக்குன்னு நான் சொல்ல முடியாது. இந்த ரெண்டு தாளும் ஒண்ணையொண்ணு தின்னுட்டுது. நாளைக்கே வக்கீலைப் பாருங்க. ஒரே வக்கீல் வேண்டாம், ஆளுக்கொருத்தர். நிஜ வக்கீல். அன்னிக்கே போயிருந்தா, போல்ட்டு போட்டது யாருக்குன்னு முதல் கேள்வியே அதுவாத்தான் இருந்திருக்கும். உங்க கூச்சத்தையெல்லாம் அவங்க பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வாங்கியிருப்பாங்க."

"தரையை நான் சரிபண்ணிக் கொடுத்துடறேன்க்கா," என்றார் செட்டம்மா.

"அதை வக்கீல்கிட்ட சொல்லி எழுத வை," என்றார் வீட்டுக்கார அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னதால் கடுமையாகப் படவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரிதான் இருந்தது. ரேடியோ ஒரு பெருமூச்சு விட்டான். ஒரு ஜோக் கூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. செட்டம்மா பெட்டியிலிருந்து அச்சுகளை மறுபடியும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கையில் பிடித்தபடி சட்டென்று நிமிர்ந்தார்.

"சார், அந்தக் கடையில எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"நாலு."

"எங்க ரெண்டு பேருக்கு மட்டுமா இப்படிப் பண்ணினீங்க?"

ஜோக் தொண்டையிலேயே நின்றது. வருகிற எல்லாரும் கடை மூடுவதற்குள் சந்தோஷமாகப் போக வேண்டும் என்பதுதானே அவன் தொழில் ரகசியம். தனியாக வந்து காதில் சொன்னவர்கள், கூச்சப்பட்டவர்கள், நீங்களே பேசிடுங்க சார் என்றவர்கள். அவர்களெல்லாம் அவன் அடித்துக் கொடுத்த தாளைப் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொண்டு, இந்த நிமிஷம் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"இல்லைம்மா," என்றான்.

"எத்தனை பேரு?"

"எண்ணலை."

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. சல்லடை தன் நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தார். பேனாவையும் வைத்தார். நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஞாபகம் இருக்கறவங்க அட்ரஸை எழுது. யாருக்கு அவசரமோ அவங்க முதல்ல."

ரேடியோ உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான். முதல் வரியை எழுதி முடித்ததும் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு?" என்றார் சல்லடை.

"பேக்கரிக்காரர். அடுப்பைச் சுவரோட சேர்த்துக் கட்டினார். மனைவி நகையை வித்துக் கட்டினார்." அவன் தலையைத் தூக்கவில்லை. "அவருக்கு இந்த வெள்ளிக்கிழமையோட அக்ரிமென்ட் முடியுது, மேடம்."